பேச்சுவார்த்தை கிடையாது

தாராபுரத்தில் தனக்குப் பகையாளி ஒருவரும் கிடையாது என்பதை நாச்சிமுத்து பஸ்ஸில் வரும்போதே இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டார். சொந்த ஊரில் ரத்தம் பார்க்கிற இடம் ஒன்றுதான். அதை வைத்திருக்கிறவனின் தம்பி, மாரியம்மன் கோயில் கூட்டத்தில் இவர் பேச எழுந்த நேரம் பார்த்து மைக்கை அணைத்தவன். வெள்ளகோவிலில் இரண்டு இடம். ஒன்றில் உட்கார்ந்திருப்பவள், நாச்சிமுத்து மில்லில் அரைத்த ராகி மாவு பல்லில் நறநறவென்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த பொம்பளையின் மருமகள். இன்னொன்று மாடியில் இருக்கிறது, கீழே செருப்புக்கடை, அந்தச் செருப்புக்கடைக்காரன் ஆறு வருஷத்துக்கு முன்னால் இவர் வணக்கம் வைத்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஷட்டரை இழுத்தவன். காங்கேயம் பேச்சே வேண்டாம், அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினால் தரையிலிருந்து கண்ணைத் தூக்க முடியாது. தாராபுரத்தில் மட்டும் ஒரே ஒரு ஆள் இருந்தார், ஐந்தாம் வகுப்பில் இவரை வெயிலில் நிற்க வைத்து அத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட வைத்த கணக்கு வாத்தியார். அவரும் செத்துப்போய்விட்டார். நிச்சயம்தானா என்று பார்க்க இவரே சாவுக்குப் போயிருந்தார், மாலைகூடப் போடவில்லை. ஆகையால் தாராபுரம். ஒன்றே கால் மணி நேரப் பயணம், மகள் ஜன்னலோரம், இவர் பக்கத்தில். இப்போது மணி பத்தே கால். பதினொன்றுக்குள் ரிசல்ட் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். நாற்காலிகள் நாலும் ஒரே கம்பியில் மாட்டியவை, இவர் காலை ஆட்டினால் கடைசியில் இருக்கிற பெரியவரின் வெற்றிலைப் பையும் ஆடுகிறது. பெரியவர் முறைக்கிறார். முறைக்கட்டும். இந்த ஊரிலும் ஒருத்தரைச் சம்பாதித்தாயிற்று. "யூரியா, மாரப்பன்!" என்று கவுண்டர்ப் பெண் கத்துகிறாள். உரக்கடையில் கத்துகிற மாதிரி. மாரப்பன் போகிறார். "கொலஸ்ட்ரால், சாரதாம்பாள்!" சாரதாம்பாள் போகிறார். மூன்றாவது பெயர் கூப்பிடும்போதுதான் நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. இவள் வெறும் பெயரைக் கூப்பிடுவதில்லை. என்ன டெஸ்ட் என்று சொல்லித்தான் பெயரைச் சொல்கிறாள். எழுந்து கேட்கப் போனார், சத்தம் போடாமல் கையில் கொடுத்துவிட முடியுமா என்று. கேட்கவே வரவில்லை, "இல்லீங், அது வந்து" என்பதோடு நின்றது. "கூப்புடுவோம், உக்காருங்க" என்றாள் நிமிராமலே. சரி, இவளோடும் இனிமேல் பேச்சுவார்த்தை கிடையாது.

வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிருந்தது. கரண்ட் இருக்கும்போது மில்லுக்குள் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் பாதிப் பேர் அரைக்க வருகிற இடத்தில் அது ஒரு வசதி. அவர்கள் டப்பாவை வைத்துவிட்டு டப்பாவைப் பார்த்தே, "கம்பு மூணு கிலோ, நைசா" என்பார்கள். இவரும் டப்பாவைப் பார்த்தே, "காயலையே, இன்னும் ஒரு வெயில் போட்டிருக்கலாம்" என்பார். டப்பாவிடம்தானே பேசினோம், மனிதரிடம் பேசவில்லையே. பத்து வருஷம் அப்படி ஓட்டினவர்கள் இருக்கிறார்கள். வியாழக்கிழமை யாரும் இல்லை. மகள் தாரணி வந்து பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கரண்ட் வந்தால் சுற்றிக்கொண்டுவிடும் என்று இவர் எழுந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் விட்டார். அவள் அதற்கே அழ ஆரம்பித்தாள். "அப்பா, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்குங்க. நாப்பத்தேழு நாளாச்சுங்க." எதற்கு நாள் தள்ளிப்போனது, காலேஜ் பரீட்சையா என்று ஒரு விநாடி யோசித்தார். அந்த ஒரு விநாடி நன்றாக இருந்தது. அதைப் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார். பிறகு அவள் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ஒரு குச்சியை எடுத்தாள், தோழி வாங்கிக் கொடுத்ததாம், ஒரு கோடு என்றால் ஒன்றுமில்லை, இரண்டு கோடு என்றால் உண்டாகியிருக்கிறது. ஒரு கோடு பளிச்சென்று இருந்தது. இன்னொன்று இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நாச்சிமுத்து அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மிளகாய்த்தூளில் மல்லித்தூள் ஒரு சிட்டிகை கலந்தாலும் பத்தடி தூரத்தில் சொல்லிவிடுகிற கண். சாய்த்துப் பார்த்தார், வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தார். "இருக்குதா அம்மிணி இது?" "அதத்தானுங்கப்பா நானும் ரெண்டு நாளாப் பாக்கறேன்." இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்கப்புறம்தான் கேட்டார், உங்கம்மாகிட்டச் சொன்னயா என்று. சொல்லவில்லை. "அம்மாகிட்டச் சொன்னா சாயந்தரத்துக்குள்ள பெரியம்மாவுக்குப் போயிரும், பெரியம்மாகிட்ட இருந்து ஊருக்கே போயிரும். நீங்கன்னாத்தான் யாருகிட்டயும் பேசறதில்லையே." இதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்துவதா, தலையைக் குனிவதா என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு ஆளாக வெட்டிவிட்டுக்கொண்டு வந்ததில் மகளுக்கு ஒரு இரும்புப்பெட்டி கிடைத்திருக்கிறது. "ஆனா ஒண்ணுங்கப்பா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அடிச்சாலும் பரவால்லைங்க. எங்கிட்டப் பேசாம மட்டும் இருந்துராதீங்க. பெரியப்பாகூட, அத்தைகூட எல்லாம் இருக்கீங்களே, அந்த மாதிரி. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாதுங்க." அதற்கு அவர் பதில் சொல்லியிருக்க வேண்டும். கரண்ட் வந்துவிட்டது.

அந்தப் பதில் இரண்டு நாளாகத் தொண்டையிலேயே கிடக்கிறது. பெண்டாட்டி வசந்தாமணியிடம், மகளுக்குக் கண்ணாடி மாற்றப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அவளும், "எதுக்குத் தாராபுரம் போகோணும்" என்று கேட்டாள். கேட்டவள் ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டாள். கூட வந்தாயிற்று, ரத்தம் கொடுத்தாயிற்று, ஊசி குத்தும்போது அவள் இவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள், பத்தொன்பது வயசுப் பெண், பி.காம் இரண்டாம் வருஷம். எதுவானாலும் நீ சொல்றபடி பண்ணிக்கலாம், படிப்ப மட்டும் விட்றாத என்று பஸ்ஸில் இவர் சொன்னதும் உண்மை. ஆனால் பேசாமல் இருக்கமாட்டேன் என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்ல வரவில்லை, ஏனென்றால் கோபம் இன்னும் வரவே இல்லை. வரும் என்று தெரியும். அவருக்குக் கோபம் தாமதமாகத்தான் வரும், வந்தால் பதினைந்து வருஷம் இருக்கும். வருகிற கோபம் யார்மேல் உட்காரும் என்று இப்போதே எப்படிச் சொல்ல முடியும்? நியாயமாக அந்தப் பையன்மேல் உட்கார வேண்டும். அதற்கும் வழியில்லை. "யாரவன்?" என்றதற்கு அவள், "நல்லவந்தானுங்கப்பா. ரிசல்ட் வரட்டும், பேரு சொல்றேன். இப்பவே சொல்லிட்டா சாகற வரைக்கும் அவங்கூடப் பேசமாட்டீங்க. நாளைக்கே பேச வேண்டி வந்துட்டா என்னங்க பண்றது?" என்றாள். அவள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது, அதுதான் எரிச்சல். பெயர் தெரியாதவன்மேல் எப்படிப் பகை வைப்பது? முகமும் இல்லை, ஊரும் இல்லை, வெறுக்க ஆரம்பித்தால் பிடிமானமில்லாமல் வழுக்குகிறது. பஸ்ஸில் ஏறினபோது உட்கார்ந்திருந்த பையன்கள் ஒவ்வொருத்தனையும் ஆளுக்குக் கொஞ்சம் வெறுத்துப் பார்த்தார். ஒருத்தன் எழுந்து, உக்காருங்கய்யா என்று இடம் கொடுத்துவிட்டான். அது ஒரு தொந்தரவு. சரி, பையன் இருக்கட்டும், அந்த இரண்டாவது கோடு உண்மையானால்? ஆனி, ஆடி, ஆவணி என்று விரல் மடக்கினார். பங்குனியில் வரும். பங்குனியில் வெயில் ஏறிவிடும், மில்லுக்குப் பின்னாலிருக்கிற அறைக்கு ஓலை மேய வேண்டும், மிளகாய் அரைக்கிற அன்றைக்கு மட்டும் பிள்ளையை அந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது. என்ன ஆச்சரியம் என்றால் பங்குனியில் வரப்போகிற அந்த ஆள் இவருக்கு இதுவரை ஒரு தப்பும் செய்யவில்லை. உலகத்தில் வேறு யாரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்? மைக்கை அணைக்காத, ஷட்டரை இழுக்காத, மாவைக் குறை சொல்லாத ஒரு ஆள். அவரையறியாமல் வாய் கோணிச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, பெரியவர் திரும்பிப் பார்த்ததும் அதை அப்படியே கொட்டாவியாக மாற்றினார். காது குத்த வேண்டும். காது குத்த மாமன் மடி வேண்டும். தாரணிக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. அப்படியானால் பெரியப்பன் மகன், அவனோடு அப்பன் வழியில் பேச்சில்லை. சித்தப்பன் மகன், ஆகாது. பெரியம்மா மகன் இருக்கிறான், அவன் சகலை ஆறுச்சாமி மகன், அது நடக்கிற காரியமா. விரல்களை மறுபடியும் மடக்கிப் பார்த்தார், இந்தப் பூமியில் இந்தப் பிள்ளை உட்கார ஒரு மடி இல்லை. ஒரு குழந்தையின் காது மூடியே கிடக்க, அதற்கு ஊர்ப்பகையெல்லாம் காரணமாக நிற்கிற காட்சி கண்ணுக்கு வந்தது. முதல் தடவையாக அவருக்குத் தன்மேலேயே கொஞ்சம் கோபம் வந்த மாதிரி இருந்தது. அதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது.

வந்தவர் ஆறுச்சாமியேதான். வசந்தாமணியின் அக்கா புருஷன், இவருக்குச் சகலை. பொள்ளாச்சியில் இருக்க வேண்டிய ஆள் பனியனுக்கு மேலே துண்டு போட்டுக்கொண்டு, அடுத்த தெருவிலிருந்து நடந்து வந்த மாதிரி, வீட்டுச் செருப்போடு நிற்கிறார். நாச்சிமுத்து தாரணி பக்கம் குனிந்தார். "இவன் எங்க இங்க?" தாரணி உதடு அசையாமல் சொன்னாள், "பெரியப்பா இங்க குடிவந்து ரெண்டு வருசமாச்சுங்கப்பா. அவரு பேரையே வீட்டுல எடுக்கக்கூடாதுன்னுட்டீங்க, அப்புறம் எப்படிச் சொல்றது? பஸ்ஸுல சொல்லலாம்னு பாத்தேன், கேட்டதும் வாய மூடிக்குவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க." நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பதினோரு வருஷம். ஆறுச்சாமி பொள்ளாச்சியில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது நடந்தது. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரும் வாசலில் நின்று போட்டோ எடுக்கிற நேரம், எவனோ ஒரு கட்சிக்காரன் கார் வந்தது, "சகல, சித்த அக்கட்டால நகருங்க" என்றார் ஆறுச்சாமி. நகர்ந்தார். அந்தப் போட்டோ பெரிதாகச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறதாம். வசந்தாமணி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், அதில் நாச்சிமுத்துவின் இடது முழங்கை மட்டும் இருக்கிறது. அன்றோடு சரி. இப்போது ஆறுச்சாமியும் இவரைப் பார்த்துவிட்டார். முகம் ஒரு கணம் மலர்ந்து, பிறகு ஞாபகம் வந்து சுருங்கியது. எதிர் வரிசையில் உட்கார்ந்தார். சுவரில் காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துப் பேசினார். "சக்கரை இருக்கறவன் வெறும் வயித்துல வந்து உக்காந்திருக்கான். நல்லா இருக்கறவங்க எல்லாம் எதுக்கு இங்க வந்து உக்காரோணும்?" காத்தாடி இந்தப் பக்கம் திரும்பியது. நாச்சிமுத்துவும் அதையே பார்த்து, "வந்தவங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்றார். காத்தாடி திரும்பிப் போய் ஆறுச்சாமியிடம் சொல்லிவிட்டு வந்தது. "இருக்கும், இருக்கும். புள்ளைக்கு ஒடம்புக்கு என்னமோன்னு பயமா இருக்குதப்பா, பெத்த புள்ளையாட்டத்தான் எல்லாம்." தாரணி பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தாள், அழுகிறதுக்கு முந்தின சிரிப்பு. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு கட்டுக் காகிதம் வந்தது. கவுண்டர்ப் பெண் அதைத் தட்டிச் சேர்த்து முதல் தாளை எடுத்தாள். "தைராய்டு, விசாலாட்சி!" நாச்சிமுத்து கட்டின் கனத்தைப் பார்த்தார். ஏழெட்டுத் தாள் இருக்கும். அதில் ஒன்று. அவள் அதைச் சொல்வாள், அதே குரலில், டெஸ்ட்டின் பெயரை முதலில் சொல்லி. ஆறுச்சாமிக்குக் காது நன்றாகக் கேட்கும். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது பெண்டாட்டியிடம் சொல்வார், அவள் சாதத்தைப் போடுவதற்கு முன்னால் வசந்தாமணிக்குப் போன் போடுவாள். இந்த ஆளை எழுப்பி வெளியே கொண்டுபோக வேண்டும். கையைப் பிடித்து இழுக்க முடியாது. காத்தாடியிடம் சொல்லி அனுப்புகிற காரியமும் இல்லை. "ஹெச்பிஏஒன்சி, முருகாயாள்!" தாரணியின் கை நாற்காலிக் கம்பியைப் பிடித்திருந்தது, கம்பி நடுங்கியது, பெரியவரின் வெற்றிலைப் பை நடுங்கியது. அவளுடைய நகங்கள் வெளுத்துப்போயிருந்தன. நாச்சிமுத்து எழுந்தார். வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது, நாள்பட்டுப் பூட்டிக் கிடந்த மில்லில் மோட்டாரைப் போட்டால் முதலில் தூசிதானே வரும்.

"சகல" என்றார். ஆறுச்சாமி தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர். "என்னையுங்களா?" "உங்களத்தான். வாங்க, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்." ஆறுச்சாமியின் தாடை ஆடியது. "நான் வெறும் வயித்துல ரத்தம் குடுக்கோணுமுங்க சகல." கவுண்டர்ப் பெண் அடுத்த தாளை எடுத்தாள். "கெடக்குது போங்க" என்று எழுந்தார் ஆறுச்சாமி, "சக்கரை எங்க போயிரப்போகுது, நாளைக்கும் இருக்கும். நீங்க கூப்புட்டீங்களே!" கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து படியிறங்கும்போது உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது, அவள் ஆரம்பித்துவிட்டாள், நாச்சிமுத்து ஆறுச்சாமியின் தோளில் கையைப் போட்டுத் தள்ளாத குறையாக ரோட்டுக்கு இறக்கினார், ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டே போனது, அந்த லாரிக்காரன் எந்த ஊரோ, அவன் நன்றாயிருக்கட்டும். டீக்கடையில் ஆறுச்சாமி மூன்று கரண்டி சக்கரை போடச் சொன்னார். பன் வாங்கினார். பன்னைப் பிய்க்க முடியாமல் அழுதார். "அந்தப் போட்டோவ இங்கயும் கொண்டாந்து மாட்டியிருக்கறேன், தெனமும் அதுக்குக் கீழதானுங்க உக்காந்து சோறு திங்கறேன். அந்தக் கட்சிக்காரன் அதுக்கப்புறம் ஒரு நாள் எட்டிப் பாத்தானா? உங்க முழங்கையத்தான் சகல பாத்துக்கிட்டே இருக்கறது. அது ஒண்ணுதான் அதுல நம்ம சாதிசனம்." டீக்கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாச்சிமுத்து, "சரி விடுங்க, சரி விடுங்க" என்றார், அதற்கு மேல் என்ன சொல்வது என்று பழக்கமில்லை. பதினோரு வருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த பகை, ஊரில் இருக்கிற எல்லாப் பகையிலும் இதுதான் நயம், ஒரு டீக்குப் போய்விட்டது. பெல்ட் கழன்ற மோட்டார் மாதிரி உள்ளே எதுவோ பாரமில்லாமல் விர்ரென்று சுற்றியது. கண் மட்டும் ஆறுச்சாமியின் தோளுக்கு மேலாக எதிர்ப்புறத்துப் படிக்கட்டிலேயே இருந்தது. இரண்டு படி, பச்சை மிதியடி, கண்ணாடிக் கதவு. விசாலாட்சி இறங்கினாள். முருகாயாள் இறங்கினாள். வெற்றிலைப் பைக்காரரும் இறங்கினார், இவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார், வணக்கமா, திட்டா என்று பார்க்க நேரமில்லை. கதவு மூடியே இருந்தது. உள்ளே தனியாக நிற்கிறாள். கூட வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன், ரிசல்ட்டைப் படிக்க வேண்டிய நேரத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பன் தின்கிறவனுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். "என்ன சகல, காது கேக்குதுங்களா? நம்ம பையனுக்குப் பொண்ணு பாக்கறோம், நீங்க வந்துதான் பேசோணும்." "வர்றேன், வர்றேன்" என்றார். எதற்கு வருகிறேன் என்றார் என்று அவருக்கே தெரியாது.

தாரணி வந்தாள். கதவு திறந்ததும் தெரியவில்லை, படி இறங்கினதும் தெரியவில்லை, ரோட்டின் நடுவில் இருந்தாள், இந்தப் பக்கமும் பார்க்கவில்லை அந்தப் பக்கமும் பார்க்கவில்லை, பைக்கில் வந்த ஒருத்தன் கிறீச்சென்று பிரேக் போட்டு ஏதோ கத்திவிட்டுப் போனான். பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள். பெரியப்பாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லைங்கப்பா" என்றாள். "நாம நெனச்ச மாதிரி ஒண்ணுமே இல்லையாம். ரத்தந்தான் நெம்பக் கம்மியாம், எட்டுதான் இருக்குதாம். டாக்டரப் பாக்கச் சொன்னாங்க." "ரத்தமா? அவ்வளவுதானா? ஈரல் வாங்கிக் குடுத்தாச் சரியாப்போயிரும்" என்று ஆறுச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். நாச்சிமுத்து டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தார். பங்குனியில் வர இருந்த ஆள், ஒரு தப்பும் செய்யாத ஆள், ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போய்விட்டது, அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும், சந்தோஷப்பட்டார், அந்தச் சந்தோஷத்துக்கு ஓரமாக ஓலை மேயாத ஒரு அறை ஒரு நொடி தெரிந்து மறைந்தது. அதன் பின்னால் கோபம் வந்தது. வரும் என்று தெரிந்ததுதான். ஆபத்து போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் அது தைரியமாக உள்ளே வருகிறது. கண்ணுக்குப் பின்னால் சூடாக ஏறியது, நாக்கு வழக்கம்போலச் சுருண்டு மேலே போக ஆரம்பித்தது. தாரணி அதைப் பார்த்துவிட்டாள். பத்தொன்பது வருஷமாகப் பார்த்த முகம், அது எப்போது மூடப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, இன்னும் மடிக்க முடியாமல் நின்றாள். நாச்சிமுத்து இதுவரை ஒருத்தரையும் வாய்விட்டுத் திட்டினது கிடையாது. நாளைக்கும் பேசப்போகிற ஆட்களைத்தான் திட்ட முடியும். இவருக்குக் கோபம் வந்தால் நாளை என்று ஒன்று இருந்ததில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு தடவை திறந்த வாய் சரியாக மூடிக்கொள்ளவில்லையோ என்னவோ. "ரோட்டப் பாத்துத் தாண்டத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டது. அவர் குரல்தான். "பைக்குல வந்தவன் பிரேக் போடலீன்னா என்ன ஆயிருக்கும்? கண்ணு எங்க இருக்குது? காலைல ரெண்டு இட்லிய வெச்சா ஒண்ண நாய்க்குப் போடறது, அப்புறம் ரத்தம் எங்கிருந்து ஊறும்? போனப் பாத்துக்கிட்டே திங்கறது, போனப் பாத்துக்கிட்டே தூங்கறது!" திட்டி அனுபவமில்லாததால் எங்கே மூச்சு விடுவது என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டார். ஆறுச்சாமி பதறி எழுந்தார். "விடுங்க சகல, ரத்தங் கம்மியானதுக்குப் புள்ள என்ன பண்ணும்? நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்குமே கம்மிதான்." "நீங்க சும்மா இருங்க சகல, உங்களுக்கு ஒண்ணுந் தெரியாது!" தாரணி பெஞ்சில் உட்கார்ந்தாள். முகத்தைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள், தோள் இரண்டு தரம் குலுங்கியது, பிறகு பெரியப்பா வைத்த பன்னில் பாதியை எடுத்துக்கொண்டு அப்பாவை நேராகப் பார்த்தாள், சொல்லுங்க என்கிற மாதிரி. அவர் சொன்னார். வெள்ளகோவில் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போனது. நாச்சிமுத்து இன்னும் பையன் விஷயத்துக்கே வந்து சேரவில்லை, போன ஐப்பசியில் அவள் காலேஜ் பஸ்ஸில் குடையைத் தொலைத்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு குடைங்கப்பா" என்றாள் தாரணி, வாய் நிறையப் பன்னோடு.